கேட்கத் தெரிதல்

நுழையும்முன்

சமூகத்தைப் பற்றிப் படிப்பது வேறு; சமூகத்திடமிருந்து படிப்பது வேறு. முன்னதற்கு நூலகம் போதும். பின்னதற்குத் தெருவில் இறங்கி நடக்க வேண்டும். கேள்வி கேட்கவும், விடையைப் பொறுமையோடு கேட்கவும், கேட்டதைச் சரிபார்க்கவும் பழக வேண்டும். அப்பழக்கமே சமூக அறிவியல் ஆய்வின் அடித்தளம். அதனைத் தம் ஊரிலேயே கற்ற மாணவர்களைப் பற்றி ஆசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரை இது.

ஊரே ஆய்வுக்கூடம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இராசபாளையத்தை அடுத்து அமைந்துள்ளது தளவாய்புரம். தளவாய் என்பது நாயக்கர் காலத்துப் படைத்தலைவரைக் குறிக்கும் சொல். இன்று அவ்வூரின் பெயரைச் சொன்னால் துணி வணிகர்களின் நினைவுக்கு வருவது படையன்று, நைட்டி. பெண்களுக்கான இரவு உடைகள் இங்குத் தைக்கப்பட்டுப் பல ஊர்களுக்கும் செல்கின்றன. சற்றுத் தொலைவிலுள்ள சத்திரப்பட்டி மருத்துவத்திற்குரிய கட்டுத்துணிக்கும், திருவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் பெயர் பெற்றவை. இவ்வளவு தொழில்கள் சூழ வாழும் மாணவர்கள், ‘தொழில்’ என்ற பாடத்தை வேறு ஏதோ நாட்டைப் பற்றிய செய்திபோல மனப்பாடம் செய்வதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன்.

நான் தமிழாசிரியர். ஆயினும் பொருளியல், வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களோடு இணைந்து மாணவர்களை ஊராய்வுக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். வேதியியலுக்கு ஆய்வுக்கூடம் உண்டு. சமூக அறிவியலுக்கு ஏது என்று மாணவர் கேட்பர். பள்ளியின் வாயிலுக்கு வெளியே தொடங்குவது அதுதான் என்பேன்.

நூற்றாண்டுக்கு முந்தைய வினாப்பட்டியல்

இம்முறைக்கு நம் வட்டாரத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. 1915ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் கில்பர்ட் சிலேட்டர். இந்தியப் பொருளாதாரத்தை இந்தியச் சிற்றூர்களிலிருந்தே கற்க வேண்டும் எனக் கருதிய அவர், விரிவான வினாப்பட்டியல் ஒன்றை உருவாக்கினார். 1916இல் அவருடைய மாணவர்கள் அதனை எடுத்துக்கொண்டு ஊர்களுக்குச் சென்றனர். நிலம் யாரிடம் உள்ளது, கூலி எவ்வளவு, கடன் எங்கே பெறப்படுகிறது, கிணறுகள் எத்தனை என்றெல்லாம் கேட்டுத் திரட்டினர். அவற்றின் தொகுப்பு 1918இல் நூலாக வெளிவந்தது.

அவர்கள் ஆராய்ந்த ஊர்களுள் ஒன்று வடமலாபுரம். அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், இன்று நம் விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசிப் பகுதியில் உள்ளது. நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான், தஞ்சைப் பகுதியின் பாலக்குறிச்சி, தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடஆர்க்காட்டின் தூசி ஆகியனவும் அவ்வரிசையில் அடங்கும்.

முதல் ஆய்வோடு பணி முடிந்துவிடவில்லை. 1936–37இல் பி.ஜே. தாமசு, கே.சி. இராமகிருட்டிணன் ஆகியோரின் வழிகாட்டலில் அவ்வூர்கள் மீண்டும் ஆராயப்பட்டன. 1961இல் மார்கரெட் ஆசுவெல் வந்தார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தினர் மறுபடியும் சென்றனர். ஒரே ஊரைக் காலந்தோறும் திரும்பத் திரும்ப ஆராய்வதை ‘மறு ஆய்வு’ என்பர். ஓர் ஆய்வு ஊரின் நிலையைக் காட்டும். மறு ஆய்வு ஊரின் மாற்றத்தைக் காட்டும். விடுமுறைக் காலத்தில் மாணவர் எழுதிய குறிப்பேடுகள் பிற்காலத்தவருக்கு அளவுகோலாயின என்பதை எண்ணிப் பாருங்கள்.

‘வீட்டு வேலை’ என்னும் விடை

ஒருமுறை, பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் தெருக்களைக் கணக்கெடுக்கப் படிவம் ஒன்றைத் தாமே தயாரித்தனர். பெயர் வேண்டாம், வீட்டிற்கு ஓர் எண் போதும் என்று முடிவு செய்தனர். வயது, கல்வி, தொழில் எனக் கட்டங்கள் வரைந்தனர். மாணவி ஒருத்தி தன் வீட்டிலிருந்தே தொடங்கினாள். தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருந்த தாயிடம், “அம்மா, தொழில்னு கேட்டிருக்கு. என்னன்னு எழுதட்டும்?” என்றாள். கைத்துணியிலிருந்து கண்ணெடுக்காமல் தாய் சொன்ன விடை: “எனக்கென்ன தொழிலு? வீட்டு வேலைன்னு போடு தாயி.”

அவளும் அவ்வாறே எழுதினாள். படிவங்களை வகுப்பில் தொகுத்தபோது, பெண்களுக்குரிய கட்டங்களில் பெரும்பாலும் அதே சொல் இருந்தது. அப்போது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “எல்லாரும் வீட்டு வேலைதான் பார்க்கிறார்கள் என்றால், லாரியில் ஏறுகிற நைட்டியை எல்லாம் தைப்பது யார் ஐயா?” என்று கேட்டான்.

அன்றைய பாடத்தின் உயிர் அக்கேள்வியில் இருந்தது. திரட்டிய தரவும் கண்ணால் காண்பதும் முரண்படும்போது, ஆய்வாளர் மக்களைக் குறை கூறுவதில்லை. தம் வினாவைத் திரும்பிப் பார்க்கிறார். ‘தொழில்’ என்ற சொல் அப்பெண்களுக்குக் கடையையும் ஆலையையும் மாதச் சம்பளத்தையும் குறித்தது. சமையலுக்கும் துவையலுக்கும் இடையே பீஸ் கணக்கில் தைப்பதும், காஜா எடுப்பதும், பட்டன் கட்டுவதும் அவர்கள் நினைவில் ‘தொழில்’ என்று பதிவாகவே இல்லை.

மாணவர்கள் வினாவை மாற்றினர். “நேற்று எழுந்தது முதல் உறங்கும்வரை என்னென்ன செய்தீர்கள்?” என்று கேட்டு, அரைமணிக்கு ஒரு கட்டமாக எழுதினர். மறுநாள் அம்மாணவி கொண்டுவந்த தாளில் அவள் தாயின் ஒரு நாள் முழுவதும் இருந்தது. விடியற்காலைச் சமையலுக்குப் பின் தையல். மதியச் சோற்றுக்குப் பின் தையல். மகள் உறங்கிய பிறகும் தையல். அதனை வகுப்பில் படித்துக்காட்டியபோது அவள் குரல் தழுதழுத்தது. பதினாறு ஆண்டுகள் உடன் வாழ்ந்தும் அறியாத ஒன்றை ஒரு வினா அவளுக்குக் காட்டிவிட்டது.

எண்ணப்படாதோர்

இது தளவாய்புரத்திற்கு மட்டும் உரிய சிக்கலன்று. நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே இதனைச் சந்தித்தது. 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், கடந்த ஆண்டில் வேலை செய்தீரா என்னும் வினாவோடு, பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றிச் செய்த வேலையும் அடங்கும் என்ற விளக்கம் சேர்க்கப்பட்டது. 1998–99இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு முன்னோட்டமாக நடந்தது. 2019இல் அது நாடு முழுவதும் நடைபெற்றது. அதிகாலை 4 மணி தொடங்கி மறுநாள் 4 மணி வரையிலான பொழுதை அரைமணி அளவிலான பகுதிகளாகப் பிரித்தே அதிலும் கேட்டனர்.

எண்ணப்படாதவரின் உழைப்பு திட்டங்களிலும் இடம்பெறாது. தையல் தொழிலாளர்களுக்கென நம் மாநிலத்தில் நல வாரியம் உண்டு. அதில் பதிவு செய்ய முதலில் தேவைப்படுவது, ‘நான் தையல் தொழிலாளி’ என்று ஒருவர் தம்மைச் சொல்லிக்கொள்வது. மகள் எழுதிய தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்ட அத்தாய், சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, “அப்ப தையல்காரின்னே போடு” என்றாராம்.

முறை என்பது அறம்

கேட்கும் முறையைப் போலவே யாரைக் கேட்கிறோம் என்பதும் முதன்மையானது. கடைத்தெருவில் அகப்பட்ட பத்துப்பேர் ஊர் ஆகார். கோயில் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர் சொல்வதும் முழு ஊரின் குரலாகாது. அத்திண்ணையில் அமர இயலாதவரும் ஊரில் உண்டு. ஆகவே எல்லாத் தெருக்களின் வீடுகளையும் பட்டியலிட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் வீடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தம் உறவினர் தெருவோடு நின்றுவிடும் ஆய்வு, ஏற்கெனவே அறிந்ததையே மீண்டும் எழுதும். வாய்மொழியை ஆவணத்தோடும், இரண்டையும் நேரில் கண்டதோடும் ஒப்பிட வேண்டும்.

குறிப்புகளைப் பேணுவதும் ஆய்வின் கடமையே. சமூகவியல் அறிஞர் எம்.என். சீனிவாசு 1948இல் மைசூர்ப் பகுதியின் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்தார். அவர் செப்பனிட்டு வைத்திருந்த குறிப்புகளின் மூன்று படிகளும் 1970இல் அமெரிக்காவில் தீக்கிரையாயின. மனம் தளராமல், நினைவையே பெருந்துணையாகக் கொண்டு அவர் எழுதிய நூல் 1976இல் வெளிவந்து புகழ்பெற்றது. அவருடைய உறுதி போற்றத்தக்கது. ஆயினும் மூன்று படிகளையும் ஓரிடத்தில் வைக்கலாகாது என்பதையும் இந்நிகழ்ச்சி கற்பிக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மேலானது ஒன்றுண்டு. விடை சொல்பவர் நமக்குக் கடன்பட்டவர் அல்லர். நாமே அவருக்குக் கடன்பட்டவர். அவருடைய இசைவைப் பெறாமல் கேட்பதும், நம்பிச் சொன்ன வருமானத்தையோ கடனையோ தெருவில் பரப்புவதும் ஆய்வாகா. கண்டறிந்ததை அவருக்கே எடுத்துச் சொல்லும்போதுதான் அக்கடன் ஓரளவேனும் தீரும்.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் தறியோ, தீப்பெட்டியோ, செங்கற்சூளையோ, வயலோ இருக்கும். ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாள், இடம் குறித்து எழுதுங்கள். மக்கள் சொல்லும் சொல்லை மாற்றாமல் எழுதுங்கள். முதல் வினாவை உங்கள் வீட்டிலேயே கேளுங்கள். விடை எளிதாகக் கிடைத்துவிட்டால், வினாவைச் சற்று மாற்றி இன்னொரு முறை கேளுங்கள்.