மூலம் என்ற ஒரு சொல்

எங்கள் அத்தை விடியற்காலை நாலு மணிக்கே கொல்லைக்குப் போய்விட்டு வந்துவிடுவார். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, வயலும் வாய்க்காலுமாக இருக்கும் ஊர். பெண்களுக்கு அதுதான் நேரம். வெளுப்பதற்குள் முடித்துவிட வேண்டும். இருட்டில் போய் இருட்டிலேயே திரும்புகிறவர்களுக்கு இரத்தம் போவது எப்படித் தெரியும்? சேலையில் கறை பட்ட பிறகுதான் அத்தைக்குத் தெரிந்தது. மருமகள் கேட்டதற்கு, "மூலம்தான், சூட்டுக்கு வருது" என்றாராம். துத்திக் கீரையும் கருணைக்கிழங்குமாக ஒரு வருடம் ஓடிவிட்டது. பக்கத்து ஒரத்தூரில் மருத்துவக் கல்லூரி வராத காலம் அது. 80 கிலோமீட்டர் தள்ளித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனபோது, மலக்குடலில் இருந்த கட்டி ஈரல்வரை பரவியிருந்தது.

போன தை மாதம் எனக்கும் இரத்தம் போனது. கழிப்பறையின் வெள்ளைப் பீங்கானில் சிவப்பாகத் தெரிந்தது. அத்தைக்கு நேர்ந்ததை அறிந்திருந்தும் என் வாயில் முதலில் வந்த சொல் மூலம்தான். இரத்தம் போகிற பலருக்கு அதுவே காரணமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மூலம் இருப்பவருக்கே அதற்குச் சற்று மேலே கட்டியும் இருக்கலாம். உள்ளே பார்க்காமல் எது என்று யாராலும் சொல்ல முடியாது. பார்க்காமலேயே மூலத்துக்கும் பௌத்திரத்துக்கும் மருந்து கொடுக்கிறவர்களின் விளம்பரம் நம் ஊர்ச் சுவரெல்லாம் இருக்கிறது. அவற்றைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அத்தையின் ஞாபகம் வரும்.

டாக்டர் விரல்விட்டுச் சோதித்தார். பிறகு, "டியூப் விட்டு ஒரு தடவை பாத்துடலாம் சார். சிக்மாய்டோஸ்கோப்பி" என்றார்.

இரண்டு இரவு தூக்கம் இல்லை. வலிக்குமே என்ற பயத்தைவிடக் கூச்சம்தான் பெரிதாக இருந்தது. முப்பது வருடம் இந்த ஊரில் வாத்தியாராக இருந்தவன். அந்த அறையில் நிற்கும் நர்ஸ் என்னிடம் படித்த பெண்ணாக இருந்துவிட்டால்?

முழுப் பெருங்குடலையும் பார்க்கிற கொலோனோஸ்கோப்பிக்கு முந்தின நாளே லிட்டர் கணக்கில் பேதி மருந்து குடிக்க வேண்டும். சிக்மாய்டோஸ்கோப்பிக்குப் பெரும்பாலும் அது தேவையில்லை. எனக்கு அன்று காலை எனிமா கொடுத்ததோடு சரி. அதற்கு முன்னால் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். சர்க்கரைக்கு என்ன சாப்பிடுகிறீர்கள், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா என்று. கடைசிக் கேள்வியை அலட்சியப்படுத்தக் கூடாது. எனிமா மருந்துகளில் சிலவற்றில் பாஸ்பேட் இருக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆபத்து. உறையாமைக்கான மாத்திரையை நாமாகவே நிறுத்திவிடவும் கூடாது. இதயத்துக்காகக் கொடுத்த மாத்திரையாக இருக்கும். அவர்கள் சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

இடது பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுக்கச் சொன்னார்கள். மேலே போர்வை. யாருக்கும் என் முகம் தெரியவில்லை, எனக்கும் யார் முகமும் தெரியவில்லை. மயக்க மருந்து இல்லை. விரல் கனத்தில் வளைகிற குழாய், நுனியில் விளக்கும் கேமராவும். குடல் விரிவதற்காகக் காற்று செலுத்துவார்கள். அப்போது உடனே வெளிக்குப் போக வேண்டும் போல முட்டிக்கொண்டு வரும். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை; படுக்கையிலேயே போய்விடுவோமோ என்று பதறிவிட்டேன். "காத்துதான் சார், மூச்ச இழுத்து விடுங்க" என்றது ஒரு பெண் குரல். வளைவில் திரும்பும்போது அடிவயிறு முறுக்கியது. குடலின் உட்சுவருக்கு இழுபடுவது தெரியும், கிள்ளினால் தெரியாது. அதனால்தான் சதைத் துணுக்கு எடுத்ததை நான் உணரவேயில்லை. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

மூலமும் இருந்தது. அதற்கு மேலே, பாசிப்பயறு அளவில் ஒரு பாலிப்பும் இருந்தது. பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்னச் சதைமுளையாகத் தொடங்கி, பல வருடம் எடுத்துக்கொண்டுதான் புற்றாகிறது. அந்தப் பல வருடம்தான் நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். பிரிட்டனில் 55 முதல் 64 வயதுக்காரர்கள் 1,70,000 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010இல் லான்செட் இதழில் வந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை இந்தச் சோதனையைச் செய்துகொண்டவர்களிடம் குடல் புற்றுநோய்ச் சாவு 43 சதவீதம் குறைந்திருந்தது. நம் அரசாங்கத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்கும் சோதனை உண்டு, குடலுக்கு இல்லை. நாமாகப் போனால்தான் உண்டு.

எழுந்து உட்கார்ந்ததும் நான் கேட்டது, "எல்லாத்தையும் பாத்துட்டீங்களா டாக்டர்?" என்றுதான். இல்லை என்றார். குழாயின் நீளம் சுமார் 60 சென்டிமீட்டர், பெருங்குடலோ ஒன்றரை மீட்டர். இடது பாகம் மட்டும் தெரியும். அதனால் சிக்மாய்டோஸ்கோப்பியில் ஒன்றும் இல்லை என்று வந்தால், வலது பக்கத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை என்றே அர்த்தம். துணுக்கின் முடிவு, புற்றாக மாறக்கூடிய அடினோமா என்று வந்ததால் எனக்கு முழுக்குடலையும் பார்த்து, பாலிப்பையும் எடுத்துவிட்டார்கள்.

சிக்மாய்டோஸ்கோப்பி முடிந்த அன்று, தனியாகவே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். வயிறு உப்புசம் சாயங்காலம்வரை இருந்தது. சதை எடுத்த இடத்திலிருந்து சொட்டு இரத்தம் வரலாம் என்றார்கள், வந்தது. வயிறு கல்லாக இறுகி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, இரத்தம் நிற்காமல் போனாலோ ராத்திரி என்றும் பாராமல் வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். குடலில் ஓட்டை விழுவது மிக அபூர்வம், ஆனால் விழுந்தால் மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

அன்றைக்கே வேதாரண்யத்தில் இருக்கும் அத்தானுக்குப் போன் போட்டேன். அத்தையின் மகன். தாய்க்கு வந்தால் பிள்ளைக்கு முழுக்குடல் சோதனையே அவசியம் என்று டாக்டர் என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தார். எல்லாவற்றையும், அந்தக் காற்று முட்டியதுவரை, ஒளிக்காமல் சொன்னேன். வெகுநேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.

"மாப்ள," என்றார் கடைசியில், "எனக்கும் ஒரு வருஷமாப் போவுது. ஒங்கக்காகிட்ட இன்னும் சொல்லல."

"காலையில மொத பஸ்ஸுக்கு வாங்க அத்தான். ஸ்டாண்டுல நிக்கிறேன்."