அலமாரியில் கிடந்த வட்டுகள்

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' 1989ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த கணினி விளையாட்டு. ஜோர்டன் மெக்னர் என்னும் இளைஞர் ஆப்பிள் 2 கணினியில், ஏறத்தாழத் தனியொருவராக, அதனை உருவாக்கினார். தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து படம்பிடித்து, அவ்வசைவுகளைப் பார்த்தே இளவரசனை ஓடச் செய்தார். இசையமைத்தவர் அவருடைய தந்தை.

விளையாட்டு உலகெங்கும் பரவியது. அதன் மூலநிரலோ காணாமற்போயிற்று. மூலநிரல் என்பது நிரலாளர் தம் கையால் எழுதிய கட்டளைத் தொகுப்பு. கடையில் விற்கும் வட்டில் இருப்பது கணினிக்கு விளங்கும் வடிவம் மட்டுமே. அதைக்கொண்டு விளையாடலாம், ஆக்கியவர் எதை எண்ணி எவ்வாறு எழுதினார் என்று அறிதல் அரிது. மெக்னர் தேடிப் பார்த்தும் பயனில்லை. 2012ஆம் ஆண்டில், தந்தையின் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு பெட்டி வெளிப்பட்டது. உள்ளே மூன்றரை அங்குல வட்டுகள் இருந்தன. தந்தை அதை மகனுக்கு அனுப்பிவைத்தார்.

வட்டுகள் கிடைத்ததும் கவலை தீர்ந்துவிடவில்லை. காந்தப் பூச்சில் பதிந்தவை காலப்போக்கில் மங்கும். அவற்றைப் படிக்கும் கருவிகளும் வழக்கொழிந்துவிடும். பழங்கணினிகளை நன்கறிந்தோர் துணையுடன் அந்நிரல் மீட்கப்பட்டது. மெக்னர் அதை எவரும் காணுமாறு இணையத்தில் வெளியிட்டார். அந்தப் பெட்டி தப்பியது நற்பேறேயன்றித் திட்டம் அன்று.

இன்று திட்டமிட்டுக் காக்க வழி உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் உருவாக்கிய 'கிட்' என்னும் மென்பொருள், ஒவ்வொரு கட்டத்தையும் யார், எப்பொழுது மாற்றினார் என்ற விவரத்துடன் பதிந்துவைக்கிறது. ஏன் மாற்றினார் என்பதை ஒரு குறிப்பாக அவரே எழுதவேண்டும். சோம்பலால் பலர் ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடுவதும் உண்டு! இன்று செய்த மாற்றத்தால் இளவரசன் தாவ இயலாமற்போனால், நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். நிரலில் எந்த வரி மாறியது என்பதையும் காணலாம். ஓவியத்திலும் ஒலியிலும் இது எளிதன்று. ஒரே ஓவியத்தை இருவர் திருத்தினால் ஒருவரது உழைப்பு வீணாகும். ஆதலால் ஒருவர் திருத்தும்வரை பிறர் தொடாதபடி அக்கோப்பைப் பூட்டிவைப்பர்.

இத்தனை வரலாறும் ஒரே கணினியில் இருந்தால், அது பழுதாகும் நாளில் எல்லாம் அழியும். கருத்துள்ள குழுவினர் அன்றன்றைய பணி முடிந்ததும் வேற்றூரிலுள்ள கணினிக்கு ஒரு படியை அனுப்புகின்றனர். அவ்வப்போது அப்படியைத் திறந்து, விளையாட்டு ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள்கின்றனர்.