தாளைத் தாங்கும் வேர்

எங்கள் கல்லூரி அச்சுக்கூடத்தின் அறிவிப்புப் பலகையில் பழுப்பேறிய நாளிதழ்த் துணுக்கு ஒன்று குத்தியிருக்கிறது. இபராக்கி மாநிலத்தின் ஒமிதாமாவில் தொரோரோ அவோய் என்ற செடியைப் பயிரிடும் ஐந்து குடும்பங்கள், 2020 விளைச்சலோடு அதைக் கைவிடப் போவதாக 2019இல் அறிவித்த செய்தி. வயதாகிவிட்டது, முழுக்கக் கைவேலை, வருமானம் கட்டுப்படியாகவில்லை என்பவை காரணங்கள். ஐந்து குடும்பங்கள் ஒரு பயிரை விடுவது இவ்வளவு பெரிய செய்தியா என்று ஆசிரியரிடம் கேட்டேன். ஜப்பானில் கைத்தாள் செய்பவர்கள் வாங்கும் தொரோரோ அவோயில் பெரும்பகுதி அந்த ஊரிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்றார். “அது இல்லையென்றால் தாள் இல்லை. தாள் இல்லையென்றால் நீங்கள் இங்கே எதைப் படிப்பீர்கள்?”

அவர் பெரிதாக மிகைப்படுத்தவில்லை. கியோட்டோவில் நாங்கள் படிப்பது நீர்வண்ண மரக்கட்டை அச்சு. ஒரு படத்துக்குப் பத்துப் பதினைந்து நிறங்கள்கூட வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் அதே தாளை, ஈரம் காயவிடாமல், கட்டையின் மேல் கிடத்தி, மூங்கில் மடல் போர்த்திய ‘பாரென்’ என்னும் வட்டத் தேய்ப்பானால் உடம்பின் பாரத்தையெல்லாம் இறக்கித் தேய்க்க வேண்டும். மலிவான மரக்கூழ்த் தாள் பாதி வழியிலேயே பஞ்சு கிளம்பி, இழுபட்டு, நிறங்களை இடம் மாற்றிவிடும். கோசோ என்ற செடியின் பட்டையில் செய்த ஹோஷோ தாள் கடைசி நிறம்வரை தாக்குப்பிடிக்கும். ஹோஷோவுக்குப் பேர்போனது ஃபுக்குய் மாநிலத்தின் எச்சிசென். அங்கே ஒரு பட்டறைக்கு ஆசிரியர் அறிமுகக் கடிதம் கொடுத்தார்.

சுருகாவில் ரயில் மாறி தக்கேஃபுவில் இறங்கி, பேருந்து பிடித்தேன். பிப்ரவரி மாதம், வயலெல்லாம் பனி. மலையடிவாரத்தில் ஐந்து ஊர்கள் ஒட்டிக் கிடக்கின்றன. சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓடும் ஆற்றின் மேல்பகுதியில் தோன்றிய பெண்ணொருத்தி இந்த மக்களுக்குத் தாள் செய்யக் கற்றுக்கொடுத்தாள் என்பது ஐதீகம். கவகாமி கோஸென் என்று இன்றும் அவளைக் கும்பிடுகிறார்கள். 1868இல் மெய்ஜி அரசு வெளியிட்ட முதல் காகிதப் பணம் இந்த ஊர்களின் தாளில்தான் அச்சானது. யோக்கோயாமா தாய்கானும் ஷிமோமுரா கான்சானும் வசேதா பல்கலைக்கழக நூலகத்துக்காகத் தீட்டி 1927இல் முடித்த பிரம்மாண்டமான ‘மெய்ஆன்’ ஓவியத்துக்கு ஒரே துண்டாகத் தாள் செய்து கொடுத்தவர்களும் இவர்களே.

பட்டையை வேகவைக்கும் வேலை நான் போவதற்குள் முடிந்திருந்தது. கொட்டகையின் பின்பக்கம், மலைத்தண்ணீர் ஓடும் தொட்டியின் முன்னே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். வெந்த நாரைத் தண்ணீரில் விரித்து விரித்துப் பார்க்கிறார். கிளைகள் காற்றில் உரசிய வடு, மொட்டு இருந்த இடத்து முடிச்சு, கடுகளவு கரும்பட்டை எல்லாவற்றையும் நகத்தால் கிள்ளி எடுக்கிறார். விரல் மரத்துப்போனால் பக்கத்து வெந்நீர் வாளியில் முக்கிக்கொள்கிறார். அவர் விட்டுவிடும் ஒரு புள்ளி, அச்சில் ஒரு முகத்தின் கன்னத்தில் வந்து உட்காரும்.

பக்கத்து ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். வந்த மறுவாரமே மாமியார் இந்தத் தொட்டியின் முன்னால் உட்காரவைத்தாராம். அப்போது ஃபுசுமா என்னும் நகர்கதவுகளுக்கான தாளுக்கு வேலை குவிந்து கிடந்தது. பிறகு புதிய வீடுகளில் தத்தாமி என்னும் பாய் விரித்த அறை குறைந்தது, கதவு குறைந்தது, தாளும் குறைந்தது. பக்கத்திலுள்ள சபாயேவுக்கு மூக்குக்கண்ணாடிச் சட்டம் செய்யும் தொழிற்சாலை வேலைக்குப் போனார். “அங்கே கை சூடா இருந்துச்சு, மாசம் பிறந்தா சம்பளம். மாமியார் படுத்துட்டாங்க, நார் பார்க்க ஆள் இல்ல. திரும்பி வந்துட்டேன்” என்றார். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “ஒண்ணு ஆபரேஷன் ஆயிடுச்சு. இன்னொண்ணு நல்லாத் தெரியுது.”

உள்ளே அவர் மகன் தாள்தொட்டியருகே நின்றிருந்தார். மூலையில் ஒரு மரவாளி. நசுக்கி ஊறவைத்த தொரோரோ அவோய் வேரின் சாறு, ‘நெரி’ என்கிறார்கள். கைவிட்டுத் தூக்கினேன். இழை இழையாக நீண்டது. வெண்டைக்காய் நறுக்கும்போது கத்தியில் வழியுமே, அதேதான். இரண்டும் ஒரே பேரினச் செடிகள். மஞ்சள் இதழும் கருஞ்சிவப்பு நடுவுமாகப் பூவும் அப்படியே வெண்டைப்பூ. வேர் பருக்க வேண்டும் என்பதற்காகக் கோடை முழுவதும் அந்த மொட்டுகளைக் கையால் கிள்ளி எறிகிறார்கள்.

நெரி ஒட்டுப்பசை அல்ல. தண்ணீரைக் கொழகொழப்பாக்கி, நார் அடியில் படியாமல் மிதக்கவிடுகிறது. மூங்கில் சல்லடையை முக்கி எடுத்தால் தண்ணீர் சடாரென்று இறங்காமல் நின்று நிதானித்து இறங்குகிறது. அந்த அவகாசத்தில்தான் அவர் சல்லடையை முன்னும் பின்னும் ஆட்டி நாரைப் பின்னவிடுகிறார். பிறகு நான் நம்ப முடியாமல் பார்த்த காரியம்: ஈரத்தாளின் மேல் இன்னொரு ஈரத்தாள், அதன் மேல் இன்னொன்று, இடையில் துணிகூட இல்லை. பிழிந்தபின் ஒவ்வொன்றும் தனித்தனியாக உரிந்து வருகிறது. நெரி செய்யும் வேலை. வெயிலில் அது சீக்கிரம் நீர்த்துவிடும் என்பதால் குளிர்காலத் தாளுக்குத் தனி மதிப்பு. செயற்கை நெரியும் கிடைக்கிறது, பல பட்டறைகள் பயன்படுத்துகின்றன. “தாள் வரும். கைக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னார்.

இங்கே எனக்குக் கோபம் வருவதைச் சொல்லியாக வேண்டும். எச்சிசென் ஹோஷோவுக்காக ஒன்பதாம் இவானோ இச்சிபெய் 2000இல் ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ ஆனார். அந்த நிலையில் உள்ளவர்களுக்கு அரசு ஆண்டுக்கு 20 லட்சம் யென் தருகிறது. மிகத் தகுதியான மரியாதை. ஆனால் தண்ணீரில் குனிந்திருக்கும் பெண்ணுக்கும், மொட்டுக் கிள்ளும் விவசாயிக்கும் எந்தப் பட்டியலிலும் இடமில்லை. மாணவர் விசாவில் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்யலாம்; நான் வாங்கும் ஒரு தாள் அதில் ஒரு மணி நேரக் கூலியைத் தாண்டுகிறது. பட்டறை அதை என்ன விலைக்கு விற்றது என்று அந்த அம்மாவின் மகனிடம் கேட்டேன். அவர் சொன்ன தொகை கடைவிலையில் பாதிகூட இல்லை. மீதி இரண்டு கை மாறுவதில் போகிறது. அந்தக் கைகள் ஒருநாளும் அந்தத் தொட்டியில் நனைந்ததில்லை. தாளின் விலை ஏறும்போதெல்லாம் ‘கைவினை’ என்ற பேரைச் சொல்லி ஏற்றுகிறார்கள். வேருக்கு விலை கேட்டால் மட்டும் சந்தை நிலவரம் பேசுகிறார்கள். அந்த ஐந்து குடும்பங்களைச் சலிப்படையச் செய்தது வயது மட்டுமல்ல என்று உறுதியாக நினைக்கிறேன்.

பட்டறையின் பின்னால் ஒரு துண்டு நிலம் வாங்கி, போன வருஷம் பட்டறைக்காரர்களே தொரோரோ அவோய் போட்டிருக்கிறார்கள். விளைந்த வேர் குளிர்காலத்தின் பாதிக்குக் காணவில்லை. இந்த மே மாதம் பரப்பைக் கூட்டி விதைக்கப் போகிறார்கள். ஆகஸ்டில் மொட்டுக் கிள்ள ஆள் போதாது, கல்லூரியில் கேட்டுப் பாருங்கள் என்று அந்த அம்மா சொல்லியனுப்பினார். தங்க இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. கூலிக்குப் பதிலாகத் தாள் வேண்டுமென்றாலும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வகுப்பில் நாலு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். ரயில் கட்டணத்துக்குத் துறையில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.