கடைசி அப்டேட் தேதியும் காம்போ விலையும்

“எந்தக் கம்பெனி போன் வாங்கறதுங்க?” இந்தக் கேள்வி வராத நாளே எங்கள் கடையில் கிடையாது. பெருந்துறையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பதால், நாள் முழுக்கப் போனைத் திறந்து பார்ப்பவனுக்கு எது நல்ல போன் என்று தெரிந்திருக்கும் என நம்பிக் கேட்கிறார்கள். நான் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுவதில்லை. “பழைய போன் எதனாலங்க போச்சு?” என்று கேட்பேன். வாங்க வேண்டிய போன் எது என்பது பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

நூல் மில்லில் இருந்து வருபவர்களுக்கு முக்கால்வாசி சார்ஜிங் பிரச்சினைதான். பறக்கும் பஞ்சு சார்ஜர் சொருகும் வாய்க்குள் போய், ஒவ்வொரு முறை பின்னைச் சொருகும்போதும் அழுந்தி அழுந்தி, உள்ளே கெட்டியான பட்டையாகிவிடும். லென்ஸில் பார்த்துக்கொண்டே மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் கிளறி எடுத்தால் போன் பிழைத்துவிடும். பாகம் எதுவும் மாற்ற வேண்டியதில்லை. சிப்காட்டில் சாயம், கெமிக்கல் பக்கம் வேலை செய்பவர்களின் போன் வேறு மாதிரி. ஈரமும் ஆவியும் ஏறிப் பின்கள் பச்சை பூத்திருக்கும். அதற்குச் சார்ஜிங் போர்டையே மாற்ற வேண்டும். கொப்பரை ஏலத்துக்கு வருகிற வியாபாரிகள் சட்டைப் பையில் போனை வைத்துக் குனிந்து மூட்டையைப் பார்ப்பார்கள், கண்ணாடி போய்விடும். கல்லூரிப் பிள்ளைகள் சார்ஜில் போட்டபடியே கேம் ஆடுவதால் பேட்டரி உப்பிக்கொண்டு பின்மூடியைத் தள்ளும். வயதானவர்கள் கொண்டுவரும் போனில் மட்டும் கீறல்கூட இருக்காது. “தம்பி, போன் நல்லாத்தானுங்க இருக்குது, பேங்க் ஆப் மட்டும் தொறக்க மாட்டேங்குது” என்பார்கள்.

இந்தக் கடைசி ரகம்தான் என்னை அதிகம் சங்கடப்படுத்துகிறது. உடைந்ததை ஒட்டலாம், தேய்ந்ததை மாற்றலாம். கம்பெனி அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்ட போனுக்கு என் மேசையில் மருந்து இல்லை. 2025 ஜனவரியில் வாட்ஸ்அப், ஆண்ட்ராய்டு 4.4 ஓடும் போன்களில் வேலை செய்வதை நிறுத்தியது. வெளியூரில் இருக்கும் மகனிடம் வாட்ஸ்அப்பில் மட்டுமே பேசிப் பழகிய ஓர் அம்மாவுக்கு, நன்றாக எரிகிற திரையைக் காட்டி “இது ஆகாதுங்கம்மா” என்று சொல்வது சுலபமான வேலை இல்லை.

அதனால் யார் கேட்டாலும் முதலில் அவர்கள் கையில் இருக்கும் போனிலேயே ஒரு தேதியைக் காட்டுகிறேன். செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதிக்குப் போனால் பாதுகாப்பு அப்டேட் கடைசியாக எந்த மாதம் வந்தது என்று இருக்கும். 2015இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை தெரியவந்த பிறகு, அந்த ஆகஸ்ட் முதல் கூகுள் தொடர்ந்து ஆண்ட்ராய்டுக்கு அடைப்பு கொடுத்து வருகிறது. ஆனால் கூகுள் கொடுப்பது நம் போனுக்கு நேராக வந்துவிடாது. சிப் செய்யும் குவால்காமோ மீடியாடெக்கோ அதைத் தன் சிப்புக்குப் பொருத்த வேண்டும், பிறகு போன் கம்பெனி தன் மாடலுக்குப் பொருத்திச் சோதித்து அனுப்ப வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒருவர் கையை எடுத்தாலும் போன் அந்தத் தேதியிலேயே நின்றுவிடும். தேதி இரண்டு வருடம் பின்தங்கி நிற்கும் போனில் யுபிஐ வைத்துக்கொண்டு, அதிலேயே சம்பளத்தையும் வாங்குகிறார்கள். எனக்குத்தான் பக்கென்று இருக்கும்.

நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8க்கு கூகுள் ஏழு வருடம் என்றது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24க்கு சாம்சங்கும் ஏழு என்றது. அவை விலை உயர்ந்த போன்கள். எங்கள் ஊர்க் கூலிக்கு எட்டும் பக்கத்தில், 2024 அக்டோபரில் வந்த கேலக்ஸி ஏ16 5ஜிக்கு ஆறு வருடம் என்று அறிவித்ததுதான் எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது. ஐபோன் விஷயத்தில் வாக்கைவிட வழக்கத்தைப் பார்க்கலாம்: 2015இல் ஐஓஎஸ் 9உடன் வந்த 6எஸ், 2021இல் ஐஓஎஸ் 15 வரை ஏறியது.

இங்கே ஒன்றைக் கடைக்காரர்கள் சொல்லமாட்டார்கள். இந்த வருடக் கணக்கு போன் சந்தைக்கு வந்த நாளில் தொடங்குகிறது, நாம் பில் போட்ட நாளில் இல்லை. ஆறு வருட ஏ16 5ஜியை யார் எப்போது வாங்கினாலும் அது 2030 வாக்கில் முடிந்துவிடும். ஆடித் தள்ளுபடியில் பழைய மாடலை மூவாயிரம் குறைத்துத் தருகிறார்கள் என்றால், அந்த மூவாயிரத்துக்கு எத்தனை வருடத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். சில நேரம் அது லாபமாகவே இருக்கும். கணக்குப் போடாமல் வாங்குவதுதான் தப்பு.

ஏழு வருடம் அப்டேட் வரும் என்றால் ஏழு வருடமும் அந்த உடம்பு தாங்க வேண்டுமே. தினமும் சார்ஜ் ஏற்றி இறக்கும் பேட்டரி மூன்றாம் வருடம் தளரும். வாயில் பின் ஆடும். ஒரு தடவையாவது கண்ணாடி போகும். ஏழு வருடப் போன் என்பது குறைந்தது ஒரு பேட்டரியும் ஒரு சார்ஜிங் போர்டும் ஒரு காம்போவும் மாற்றப்போகிற போன். அந்த மூன்றும் கிடைக்குமா, என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை விளம்பரத்தில் எழுதுவதில்லை.

திரையையும் டச்சையும் ஒன்றாக ஒட்டி வருவதைத்தான் காம்போ என்கிறோம். கம்பெனி காம்போ ஒன்று, உடைந்த போனில் இருந்து கழற்றியது ஒன்று, காப்பி பல தரத்தில். ஓஎல்இடி திரை இருந்த போனுக்குச் சாதா எல்சிடி காப்பியும் போட்டுக் கொடுக்கலாம். பாதி விலைக்குக்கூட வராது. ஆனால் அதன் கனத்தால் ஃபிரேமில் சரியாக உட்காராது, வெளிச்சம் மங்கும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், திரைக்குள் இருந்த கைரேகை வேலை செய்யாது. இதையெல்லாம் போனைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மாட்டிக் கொடுப்பவர்களால்தான் ‘வெளிக் கடையில் கொடுத்தால் போன் கெட்டுவிடும்’ என்ற பேச்சு வந்தது. அது இந்தத் தொழிலுக்கே இழுக்கு.

பாகம் எங்களுக்குக் கோவை காந்திபுரத்தில் இருந்தோ சென்னை ரிச்சி தெருவில் இருந்தோ வருகிறது. அங்கே எது இருக்கும், எது இருக்காது என்பதை முடிவு செய்வது பிராண்டின் பெயர் இல்லை, அந்த மாடல் எத்தனை பேர் கையில் இருக்கிறது என்பதுதான். லட்சக்கணக்கில் விற்ற போனுக்கு வெளிவந்த சில மாதத்திலேயே எல்லாத் தரத்திலும் காம்போ வந்து இறங்கும். குறைவாக விற்ற மாடல் என்றால், பெரிய கம்பெனியாக இருந்தாலும் மொத்தக் கடைக்காரர் “ஆர்டர் போட்டாத்தாங்க” என்பார். எங்கள் பக்கத்து விவசாயிகள் கிணற்று மோட்டார் வாங்கும்போது பார்க்கும் கணக்கும் இதுதான்: பக்கத்து ஊரில் ஸ்பேர் கிடைக்குமா, காயில் கட்ட ஆள் இருக்கிறாரா. அதே மனிதர் போன் வாங்கப் போனால் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை 2014 நவம்பரில் மூடினார்கள். அதன் பிறகும் பல வருடம் அந்தப் பட்டன் போன்களுக்குக் கீபேடும் பேனலும் ஸ்பீக்கரும் தடையில்லாமல் கிடைத்தன. அவ்வளவு போன் ஊரில் இருந்தது. எல்ஜி 2021 ஏப்ரலில் கைபேசித் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது. ஏற்கெனவே விற்ற போன்களுக்குச் சில வருடம் அப்டேட் கொடுத்துவிட்டு, 2025 ஜூன் 30உடன் அந்தச் சேவையையும் நிறுத்தியது. விலகிப் போன கம்பெனியில் அது நாணயமான நடத்தை என்றே சொல்வேன். ஆனால் எங்கள் ஊரில் எல்ஜி ஸ்மார்ட்போன் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்குக் காம்போ தேடுவது அப்டேட் நிற்பதற்கு வெகு முன்னாலேயே பெரும்பாடாகிவிட்டது.

ஆகவே பிராண்டைக் கேட்பவரிடம் மாடல் எண்ணைப் பற்றித்தான் பேசுகிறேன். ஒரே பெயரில் 4ஜி, 5ஜி என்று இரண்டு வரும். காம்போ ஒன்றுக்கொன்று பொருந்தாது. பெயரின் வாலில் ‘ப்ரோ’, ‘பிளஸ்’ என்று சேர்ந்தால் எல்லாமே வேறு. முனை வளைந்த திரை என்றால் நான் வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன். பார்க்க அழகு, விழுந்தால் முதலில் அந்த முனைதான் தரையைத் தொடும், காம்போ விலையில் இன்னொரு போனே வாங்கிவிடலாம்.

ஐபோனில் சிக்கல் வேறு இடத்தில். பாகம் கிடைக்கும், மாட்டவும் தெரியும், ஆனால் போன் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். பேட்டரியோ திரையோ மாற்றினால், உள்ளே எழுதி வைத்திருக்கும் எண்ணோடு பொருந்தவில்லை என்று ‘தெரியாத பாகம்’ எனக் காட்டும். இன்னொரு ஐபோனில் இருந்து கழற்றிய அசல் பாகத்துக்கும் இதே நிலைதான் இருந்தது. 2024இல் ஐஓஎஸ் 18உடன் ஆப்பிள் கொஞ்சம் இறங்கி வந்து, பயன்படுத்திய அசல் பாகங்களைப் போனிலேயே பதிந்துகொள்ள வழி செய்தது. அதே வருடம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இப்படிப் பாகத்தைப் போனோடு பூட்டுவதைத் தடுத்துச் சட்டம் போட்டது. திருட்டுப் போனைப் பிரித்து விற்பதைத் தடுக்கவே பூட்டு என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் காசு கொடுத்து வாங்கியவர் தன் பழைய போனின் திரையைத் தன் தம்பியின் போனுக்குப் போடுவதற்கும் கம்பெனியின் அனுமதி வேண்டும் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வாரண்டி இருக்கும்வரை நான் எந்தப் போனையும் திறப்பதில்லை, சர்வீஸ் சென்டருக்கே அனுப்புவேன். பெருந்துறைக்காரர்களுக்கு அது ஈரோட்டிலோ கோவையிலோ இருக்கும். உள்ளூர்க்காரருக்கு அது ஒரு பஸ் பயணம். சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் ஒடிசா, பிகார் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி போகும். போனைக் கொடுத்துவிட்டு வந்தால், ஊருக்குப் பணம் அனுப்ப, ரயில் டிக்கெட் எடுக்க, வீட்டாரோடு பேச இருந்த ஒரே பொருளும் கையில் இல்லை. அவர்களில் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “பையா, இன்னைக்கே கிடைக்குமா?” அவர்களுக்கு நான் சொல்லும் போன், ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் மாடலில் அப்டேட் தேதி நீண்டது எதுவோ அது. பாகம் மேசைக்கு அடியிலேயே இருக்கும், ஷிப்டுக்குப் போகும்முன் முடித்துக் கொடுத்துவிடலாம்.

பழைய போன் வாங்குபவர்கள் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை, கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து இடைவெளி விட்டுச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தடை செய்யப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். அடுத்தது அந்த மாடல் சந்தைக்கு வந்த மாதம். நான்கு வருடத்துக்கு முன்னால் வந்து, அப்டேட் முடிந்துபோன உயர்ரகப் போனைவிட, போன வருடம் வந்த நடுத்தரப் போன் மேல் என்று சொல்லிப் பார்ப்பேன். கேமராவைக் காட்டி மறுப்பார்கள். படம் எடுக்க மட்டும் என்றால் நானும் தலையாட்டிவிடுவேன். பேங்க் ஆப் போடுவதாக இருந்தால் விடமாட்டேன்.

2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருடம் முக்கியமான உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும், ஐந்து வருடமாவது அப்டேட் வர வேண்டும், பேட்டரி 800 முறை ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். கணக்கு விற்பனை நின்ற நாளில் தொடங்குவதைக் கவனியுங்கள். ஆடித் தள்ளுபடியில் வாங்குபவருக்கும் அதே பாதுகாப்பு. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது, அந்த டிசம்பர் 24இல் இணையதளம் தொடங்கியது. 2025 மே மாதம் இன்னொரு குழு, போனுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் கொடுத்துக் கடையிலும் பெட்டி மேலும் காட்ட வேண்டும் என்று பரிந்துரைத்தது. மதிப்பெண்ணைக் கம்பெனியே போட்டு அறிவிக்கும் முறை அது.

மதிப்பெண் வரட்டும். என்னைக் கேட்டால் பெட்டியில் இரண்டு வரி போதும்: கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம், எந்த வருடம்; கம்பெனி காம்போ என்ன விலை, அந்த விலை எதுவரை மாறாது. போர்டின் சர்க்யூட் படத்தையும் கடைகளுக்குக் கொடுத்தால் நல்லது. இப்போது அதற்கு வருடாவருடம் சீனச் சாஃப்ட்வேர்களுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம். கம்பெனி அறிவிக்கும் எண் உண்மையா என்று பார்க்கத் தனி ஆய்வகம் கட்ட வேண்டியதில்லை. எங்களைப் போன்ற கடை ஒவ்வொன்றிலும் ஒரு நோட்டு இருக்கிறது. எந்த மாடலுக்கு எந்தப் பாகம் கேட்டோம், எத்தனை நாளில் வந்தது, என்ன விலை, எது வரவே இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மாவட்டத்துக்குப் பத்துக் கடையின் நோட்டை வாங்கிப் பார்க்கட்டும்; கேட்டால் யாரும் மறுக்க மாட்டோம்.