அம்பத்தூர் ஏரியின் அடியிலே

அம்பத்தூர் ரயில் நிலையத்தில் இறங்குவோர்க்குத் தென்படுவன வீடுகளும் பட்டறைகளுமே. 1964-ஆம் ஆண்டில் தொழிற்பேட்டை வருமுன் இஃது ஏரிப் பாசனத்தை நம்பிய ஊர் என்பதை உணர, நாம் ஏரிக்கரைக்கே செல்லவேண்டும்.

தாழ்ந்த பக்கத்தில் கரையிட்டு மழைநீரைத் தேக்கினர் நம் முன்னோர். மிகுந்த ஜலம் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்கும் செல்லும். இது கண்ணுக்குத் தெரியும் பிரயாணம். தெரியாத பிரயாணம் ஒன்றும் உண்டு. ஏரியின் அடியில் இறங்கும் நீர் மண்துகள்களின் இடுக்குகளை நிரப்பிக்கொண்டு பள்ளம் நோக்கி நகர்கிறது. மணலில் சற்றே விரைவு, களிமண்ணிலோ நத்தையும் நகைக்கும் மந்தம்! கிணற்றில் நாம் காணும் நீர்மட்டம் அந்த நிலத்தடி நீரின் மேற்பரப்பேயன்றி வேறன்று. ஆதலாலன்றோ, ஏரி நிறைந்தால் கரைக்கு அப்பாலுள்ள கிணறுகளிலும் ஊற்றுப் பெருகுகிறது?

மெல்ல வந்து சேர்வதை ஆழ்குழாய்க் கிணறு விரைவில் உறிஞ்சிவிடுகிறது. 2003-இல் தமிழகமெங்கும் கட்டடந்தோறும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாயிற்று. ஆயினும் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் பெரிய ஏரிகள் வறண்டபோது, தண்ணீர் லாரிக்காகத் தெருத்தோறும் குடங்கள் வரிசையில் நின்றன.

கொரட்டூர் ஏரியிற் கழிவுநீர் கலந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. ஏரியை ஒரு பருவமழை அலசிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அடிமண்ணில் இறங்கிய அழுக்கு அதே நத்தை நடையில்தான் கிணறுகளைக் கடந்து போகும்.