அயினிப் பலகையில் ஓர் அலமாரி

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நாற்பது ஆண்டுகள் இரும்புக்கடை நடத்திய ஒருவர், கடையை மகனிடம் ஒப்படைத்த பின், வீட்டின் பின்கட்டில் ஓர் அலமாரி செய்யத் தொடங்கினார். ஆசாரிமார்க்கு உளியும் ஆணியும் கீலும் விற்றவர். தம் கையால் ஒரு பலகையையும் இழைத்தறியாதவர். காலமான மனைவி சேர்த்துவைத்த தமிழ் நூல்கள் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. அவற்றுள் ஒன்றைக் கறையான் தின்று தீர்த்ததைக் கண்ட அன்றே மரம் வாங்கிவந்தார்.

அவர் தேர்ந்தது அயினி. மலையாளத்தில் ஆஞ்ஞிலி. பலாவின் இனம், கறையானை எளிதில் அண்டவிடாது. கேரளத்தில் வள்ளங்களுக்கும் கதவுகளுக்கும் நெடுங்காலமாகப் பயன்படும் மரம்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலையில் தமிழ் வணிகர் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. சாலைத் தமிழர் கேரளத்தில் தங்கினர். அத்தெருவிலேயே கடை வைத்திருந்து, அதன் மனிதரையே கதைகளாக்கிய ஆ. மாதவனுக்கு 2015இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த அட்டைப்பெட்டிகளில் அவருடைய நூல்களும் இருந்தன.

கடைக்காரருக்கு ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு பெயர் தெரியும். தமிழர் கீல் கேட்பர். மலையாளிகள் விஜாகிரி கேட்பர். பின்னது போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்தது. அலமாரியும் சாவியும் அவ்வாறே வந்தவை. இழுப்பறைக்கு மலையாளத்தில் வலிப்பு. வலித்தல் என்றால் இன்றைய தமிழில் நோவு. இழுத்தல் என்னும் பழம்பொருள் துடுப்பு வலித்தலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலையாளத்திலோ அது அன்றாடச் சொல். ஒரு மொழி கைவிட்டதை மற்றொன்று பத்திரப்படுத்தியிருப்பதை அவர் இலக்கணம் படித்து அறியவில்லை. கல்லாவில் அமர்ந்து அறிந்தார்.

முதற்கதவு தோற்றது. சட்டங்களில் காடி எடுத்து, நடுப்பலகையை நான்கு புறமும் பசையிட்டு இறுக்கியிருந்தார். இடவப்பாதி மழை தொடங்கிய மூன்றாம் வாரம் பலகை உப்பிச் சட்டத்தின் மூட்டைப் பிளந்தது. பழைய வாடிக்கையாளரான முதிய ஆசாரி ஒருவர் வந்து பார்த்தார்.

“மொதலாளி, பலகைக்கு நீங்கி நிக்க இடம் வேணும். காடியிலே பசை வைக்கப்படாது.”

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதில்லை. அகலவாக்கில் ஈரத்தை ஏற்று விரியும், வெயிலில் சுருங்கும். இழுத்துப் பிடித்தால் பலகை வெடிக்கும், அல்லது சட்டம் பிளக்கும். இதைக் கேட்டபின் அவர் கதவைப் பிரித்தார். பலகையின் இருபுறமும் ஒவ்வொரு நூல் இழைத்துக் குறைத்தார். பசையைச் சட்டத்தின் மூட்டுகளுக்கு மட்டும் இட்டு, பலகையை உலர்வாகவே காடியில் நிறுத்தினார். துலாவர்ஷம் முழுவதும் கதவு தடையின்றித் திறந்தது.

நூல்களை அடுக்கும் வேலைக்கு எட்டாம் வகுப்புப் பேத்தி வந்தாள். வீட்டில் தமிழ் பேசுவாள். படிக்கத் தெரிந்தது மலையாளமும் ஆங்கிலமுமே. இந்நூல்களை இனி யார் திறப்பார் என்ற கேள்வி மரம் வாங்கிய நாள்முதல் அவரிடம் இருந்தது. மகன் அதை ஒருமுறை வாய்விட்டே கேட்டிருந்தான்.

“இந்தத் தட்டுக்கு என்ன எழுதணும் தாத்தா?”

“சிறுகதை.”

அவள் தாளில் எழுதி ஒட்டினாள். எழுத்து மலையாளம். ஆனால் மலையாளிகள் சொல்லும் செறுகதையை அவள் எழுதவில்லை. காதில் விழுந்த தமிழ்ச் சொல்லையே எழுதியிருந்தாள். அவர் திருத்தவில்லை. அன்றிரவு அதன் கீழே அதே சொல்லைப் பென்சிலால் தமிழில் எழுதிவைத்தார்.

மறுநாள் அந்தத் தாளின் ஓரத்தில், சாய்ந்த கோடுகளில், ‘சி’ என்னும் எழுத்து மட்டும் மூன்று முறை எழுதப்பட்டிருந்தது.