சிக்கிய டிஸ்க்கை எடுப்பவர்கள்

சென்னையில் லேப்டாப் பழுதுபார்க்கும் தொழிலைப் பற்றி எழுத நினைப்பவர் ரிச்சி தெருவைத் தவிர்க்க முடியாது. அண்ணா சாலைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை என்று கிளைவிடும் அந்த வட்டாரம் முழுவதையும் மக்கள் ஒரே பெயரால் ரிச்சி தெரு என்றுதான் சொல்கிறார்கள். கீழ்த்தளத்தில் விற்பனை, குறுகலான படி ஏறிப்போனால் சர்வீஸ் கடைகள். மேசைமேல் ஒரு ரப்பர் விரிப்பு, தாழ இழுத்துவிட்ட விளக்கு, சூடுபடுத்தும் கருவி, ஸ்க்ரூக்களைப் பிரித்துப் போட்டுவைக்கும் சின்னச் சின்ன மூடிகள். அங்கே வரும் வேலைகளில் பெரும்பாலானவை ஸ்க்ரீன், கீபோர்டு, சார்ஜிங் ஜாக், மதர்போர்டு. அவற்றை விட்டுவிட்டு, ட்ரைவுக்குள் சிக்கிக்கொண்ட சிடி, டிவிடி டிஸ்க்கை வெளியே எடுக்கும் வேலையைக் கவனிக்கத்தான் நான் போனேன். நாளுக்கு நாள் குறைந்துவரும் வேலை அது; சிலருக்கு அற்பமாகவும் தோன்றும். ஆனால் இந்தத் தொழிலாளர்களின் திறமை எங்கே இருக்கிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் வேலை வேறொன்று இல்லை என்பது என் எண்ணம். மதர்போர்டு வேலையில் நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. இங்கே எல்லாமே தெரிகிறது: கை எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எதைத் தொடாமல் விடுகிறது. அப்படிப் பார்த்தபோது எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: இது பலத்தாலோ கைவேகத்தாலோ நடக்கும் வேலை அல்ல, காரணம் அறிந்து செய்யும் வேலை. அந்த அறிவுக்கு வேலை இருக்குமா இருக்காதா என்பதைக் கடைக்காரரைவிட, கருவியை வடிவமைத்தவரே பெரும்பாலும் தீர்மானிக்கிறார்.

வாடிக்கையாளர் சொல்லும் குறை எப்போதும் ஒன்றுதான்: “உள்ளே மாட்டிக்கிச்சு, வரமாட்டேங்குது.” அனுபவமுள்ள டெக்னீஷியன் அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. டிஸ்க் நிஜமாகவே சிக்கியிருக்கிறதா, அல்லது கணினிதான் விடமாட்டேன் என்கிறதா என்பது அவருடைய முதல் சந்தேகம். ஏதாவது ஒரு புரோகிராம் டிஸ்க்கிலுள்ள கோப்பைத் திறந்து வைத்திருந்தால் இயங்குதளமே ட்ரைவுக்குப் பூட்டு போட்டுவிடுவதுண்டு. பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் பலனில்லை. அதனால் லேப்டாப்பை மறுபடி இயக்கி, விண்டோஸ் எழுந்து வருவதற்குள் பட்டனை அழுத்திப் பார்க்கிறார்கள். ட்ரே வெளியே வந்தால் அத்துடன் கதை முடிந்தது. வராவிட்டால் காதை வைத்துக் கேட்கிறார்கள். உள்ளே டிஸ்க் சுழலும் சத்தம் வருகிறதா, உரசுகிறதா, பட்டனை அழுத்தும்போது ‘டிக்’ என்று ஒரு மெல்லிய ஒலியாவது எழுகிறதா? அந்த ஒலி கேட்டால் கொக்கி விடுபடுகிறது, ட்ரேதான் நகரவில்லை என்று பொருள். கேட்காவிட்டால் பட்டனோ, கேபிளோ, கொக்கியை இழுக்கும் மின்காந்தமோ வேலை செய்யவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இந்தக் காதுக்குப் பின்னால் ஓர் இயந்திர அறிவு இருக்கிறது. மேசைக் கணினியின் ட்ரைவில் ட்ரேயை ஒரு சின்ன மோட்டார், ரப்பர் பெல்ட் மூலம் தள்ளுகிறது. டிஸ்க்கை மேலிருந்து ஒரு காந்தப் பிடி அழுத்திக்கொள்கிறது. பெல்ட் தளர்ந்துபோனால் ட்ரே திறக்காது. லேப்டாப் ட்ரைவின் அமைப்பே வேறு. 12.7 மில்லிமீட்டர் உயரத்துக்குள், பிற்காலத்தில் 9.5 மில்லிமீட்டருக்குள், மோட்டார், லென்ஸ், போர்டு, டிஸ்க் அனைத்தும் அடங்கியாக வேண்டும். காந்தப் பிடிக்கு அங்கே இடமில்லை. ஆகவே டிஸ்க்கின் நடுத்துளையை, சுழலும் குமிழிலுள்ள ஸ்ப்ரிங் பற்கள் கவ்வுகின்றன. கையால் ‘க்ளிக்’ என்று கேட்கும்வரை அழுத்தி உட்காரவைக்க வேண்டும். பெல்ட்டும் இல்லை. ஒரு கொக்கி ட்ரேயைப் பிடித்திருக்கும். மின்காந்தம் அதை விடுவித்ததும் ஸ்ப்ரிங் ட்ரேயைக் கொஞ்சம் வெளியே தள்ளும். மீதியை நாம்தான் இழுக்க வேண்டும். இது தெரிந்தவருக்கு, அரைகுறையாக அழுத்தப்பட்ட டிஸ்க் குமிழிலிருந்து எழும்பி மேல்தகட்டில் முட்டிக்கொள்வது ஏன் இவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதும் தெரியும். மேசைக் கணினியில் ட்ரேமேல் டிஸ்க்கைச் சும்மா வைத்துப் பழகியவர்கள் லேப்டாப்பிலும் அப்படியே வைத்து மூடிவிடுகிறார்கள்.

இரண்டு வகையிலும் முன்பக்கத்தில் ஒரு ஊசித்துளை உண்டு. அநேகம் பேர் அதைக் கவனித்ததே இல்லை. கவனித்த சிலர் மைக் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிமிர்த்திய ஜெம் கிளிப்பை அதனுள் நேராகச் செலுத்தினால், லேப்டாப் ட்ரைவில் அது கொக்கியை நேரடியாகத் தள்ளிவிடும், மின்சாரமே தேவையில்லை. சொல்லப்போனால் மின்சாரம் இருக்கவே கூடாது. சிடி வேகமாகச் சுழலும்போது லேப்டாப் ட்ரைவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 சுற்றுகள் ஓடுகிறது. அந்த நேரத்தில் ட்ரே திறந்தால் கீறல் நிச்சயம். இந்தத் துளையின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ‘நாங்கள் செய்த கருவி ஒருநாள் நின்றுபோகலாம், அப்போதும் உங்கள் பொருள் உங்கள் கைக்கு வர வேண்டும்’ என்று ஒப்புக்கொண்ட ஒரு பொறியாளர் அதன் பின்னால் இருக்கிறார். தயாரிப்புச் செலவில் அது அநேகமாக ஒன்றுமே இல்லை. ஆனால் பயன்படுத்துபவருக்கும் பழுதுபார்ப்பவருக்கும் அது வழி திறந்து வைக்கிறது.

துளையும் கைவிட்டால்தான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகு, பழைய மாடல்கள் பலவற்றில் அடிப்பக்கம் ஒரே ஒரு ஸ்க்ரூவை எடுத்தால் போதும், ட்ரைவ் முழுசாகப் பக்கவாட்டில் உருவிக்கொண்டு வந்துவிடும். வெளியே வந்த உடனே சிக்கல் தீர்ந்துவிடுவதும் உண்டு: லேப்டாப்பின் உடல் வளைந்து ட்ரைவை அழுத்திக்கொண்டிருந்திருக்கும். தீராவிட்டால் ட்ரைவின் மேல்தகட்டைத் திறக்க வேண்டும். அப்போது அவசரப்படுகிறவர் இரண்டு இடங்களில் பொருளைக் கெடுத்துவிடுவார். ஒன்று, ட்ரேயையும் போர்டையும் இணைக்கும் பட்டைக் கேபிள். காகிதம்போல மெல்லியது, மடிந்தால் போச்சு. இன்னொன்று லென்ஸ். லேப்டாப் ட்ரைவில் லென்ஸ் ட்ரேமேலேயே இருப்பதால், உடைந்த டிஸ்க்கின் சில்லை இழுத்தெடுக்கும்போது அது லென்ஸைக் கீறிவிடும். கைதேர்ந்தவர்கள் சில்லை இழுப்பதில்லை. ட்வீசரால் மேல்நோக்கித் தூக்குகிறார்கள். மூடி திறந்திருக்கும்போது மின்சாரம் கொடுத்துச் சோதிப்பதையும் அவர்கள் செய்வதில்லை. சிடியைப் படிக்கும் லேசர் ஒளியின் அலைநீளம் 780 நானோமீட்டர், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு. கண்ணில் பட்டாலும் பட்டது தெரியாது. இன்னொரு நுட்பமும் உண்டு. சிடியின் அடிப்பக்கக் கீறலைத்தான் எல்லோரும் பயந்து பார்ப்போம். ஆனால் சிடியில் தகவல் அடுக்கு மேல்பக்க அச்சுக்குச் சற்றே கீழே இருக்கிறது. டிவிடியில் அது இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே. சிக்கியது சிடி என்றால் மேல்பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனை படவே கூடாது.

ட்ரே இல்லாமல் டிஸ்க்கை நேராக உள்ளிழுத்துக்கொள்ளும் ட்ரைவுகள்தான் இந்தக் கடைகளுக்கு உண்மையான தலைவலி. ஆப்பிளின் பழைய மேக்புக்குகள் அவற்றில் பிரபலம். ரப்பர் உருளைகள் டிஸ்க்கைப் பற்றி உள்ளே கொண்டுபோகும், அதே உருளைகள்தான் வெளியே தள்ளவும் வேண்டும். 12 சென்டிமீட்டர் வட்டத்துக்காகச் செய்யப்பட்டவை அவை. 8 சென்டிமீட்டர் குட்டி டிஸ்க்கையோ, மேலே காகித லேபிள் ஒட்டிய டிஸ்க்கையோ கொடுத்தால் உள்ளேயே தங்கிவிட வாய்ப்பு அதிகம். நம் ஊர் வெக்கையில் லேபிளின் பசை இளகி ஓரம் பிரிந்தால் உருளைகளுக்கு அதைத் தாண்ட முடியாது. கணினியைத் துவக்கும்போதே டிராக்பேடை அழுத்திப் பிடிப்பது, வாய் கீழ்நோக்கியிருக்கும்படி சாய்த்து வெளியேற்றப் பார்ப்பது என்று சில வழிகள் உண்டு. அவையும் பலிக்காவிட்டால் ஊசித்துளை கிடையாது. அடித்தகட்டின் திருகுகளையெல்லாம் கழற்றி உள்ளே இறங்குவது ஒன்றே வழி. வாய் மட்டும் திறந்திருப்பதால் நீட்டிக்கொண்டிருக்கும் ட்ரே உடைவதில்லை, பார்க்க அழகாக இருக்கிறது என்று இந்த வடிவத்துக்காக வாதிடுவார்கள். அந்த நன்மைகள் உண்மைதான். ஆனால் ஒரு துளைக்கு இடம் விட்டிருந்தால் அவற்றில் எது குறைந்திருக்கும்? என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கருவி கெடும் என்பதை ஒப்புக்கொள்ள மனமில்லாத வடிவமைப்பு, கெட்ட பிறகான செலவை வாடிக்கையாளர் தலையிலும், ஆபத்தை டெக்னீஷியன் கையிலும் வைத்துவிடுகிறது.

இதற்கெல்லாம் கடைக்குப் போவானேன், ஒரு ஜெம் கிளிப் போதுமே, வீடியோ பார்த்து யாரும் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஊசித்துளை தீர்க்கும் சிக்கலுக்கு அது முழுக்கச் சரி. அதை வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டும் என்றே நானும் சொல்வேன். ஆனால் வீடியோவில் காட்டப்படுவது வெற்றி பெற்ற ஒரே ஒரு வழி. நம் கையிலுள்ள ட்ரைவின் கோளாறு அதே கோளாறுதானா என்பதை அது சொல்லாது. கத்தியை விட்டு நெம்பியதால் முன்பக்கப் பட்டை வளைந்த ட்ரைவுகளையும், கொக்கி உடைந்து கிடக்கும் ட்ரைவுகளையும் இந்த மேசைகளில் பார்க்கலாம். ஏதோ நோண்டி நெம்பி எடுத்துவிட்டார்கள் என்று நாம் நினைக்கும் வேலையில், எங்கே நெம்பக்கூடாது என்பதுதான் பெரும்பகுதி. இந்தத் தொழிலின் மூத்தவர்கள் சிலர் ரேடியோவிலும் டேப் ரெக்கார்டரிலும் கைபழகி, வி.சி.ஆர். டெக்கில் நாடா சிக்கிய கேசட்டுகளை எடுத்து எடுத்துத் தேறியவர்கள். அங்கே நாடாவை இழுத்தால் அறுந்துவிடும். எந்தச் சக்கரத்தை எந்தப் பக்கம் சுற்றினால் நாடா தானாகத் தளரும் என்று பார்க்க வேண்டும். டிஸ்க் ட்ரைவுக்கும் அந்தப் பொறுமையே வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னும் கடுமையான ஆட்சேபம் வேறு. டிஸ்க்கே செத்துவிட்டதே, இந்தத் திறமைக்காக ஏன் கவலைப்பட வேண்டும்? வணிகத்தைப் பார்த்தால் இதை மறுக்க முடியாது. 2007இல் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்று வீட்டுச் சந்தையைப் புரட்டிப்போட்ட மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்க 2018இல் உத்தரவாயிற்று. ரிச்சி தெருவிலேயே இன்று ட்ரைவைச் சரிசெய்யச் சொல்பவர்களைவிட, அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி என்ற சட்டகத்தை வைத்து எஸ்.எஸ்.டி. மாட்டச் சொல்பவர்களே அதிகம். ஆனால் கருவி வழக்கொழிவதும் அதற்குள் இருப்பது வழக்கொழிவதும் ஒன்றல்ல. பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டுக் கல்யாண வீடியோக்கள் டிவிடியில்தான் வீடு வந்து சேர்ந்தன. ஸ்டுடியோவில் மூலப்பிரதி இருக்கும் என்று நம்ப இடமில்லை. எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் படங்களைப் பல மையங்கள் டிஸ்க்கில்தான் கொடுத்துவந்தன. நீதிமன்றங்களிலும் மின்னணுச் சாட்சியம் வெகுகாலம் சிடியாகவே தாக்கலாகி வந்திருக்கிறது. 2014இல் அன்வர் – பஷீர் தேர்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லை என்ற காரணத்தால் ஏற்க மறுத்ததும் சிடிக்களைத்தான். ஆகவே, புது யூஎஸ்பி ட்ரைவ் மலிவாகக் கிடைக்கிறதே என்ற பேச்சு இங்கே பொருந்தாது. வந்தவருக்கு வேண்டியது ட்ரைவ் அல்ல, உள்ளே கிடக்கும் டிஸ்க். அதைக் கெடாமல் எடுக்கத் தெரிந்தவர் அவருக்குத் தேவை.

நம்பகத்தன்மையைப் பற்றிய கேள்வியையும் தள்ளிவிட முடியாது. மாடிக் கடையில் கொடுத்தால் பார்ட்ஸை மாற்றிவிடுவார்கள், உள்ளே இருக்கும் தகவலை எடுத்துவிடுவார்கள் என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. அப்படிச் செய்பவர்கள் ஒருவரும் இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்கு மருந்து, கடைகளைச் சந்தேகத்தின் பெயரால் ஓரங்கட்டுவதல்ல. சர்வீஸ் மேனுவலும் அசல் உதிரிபாகமும் வெளியில் கிடைக்காதபோது, டெக்னீஷியன் பழைய ட்ரைவுகளின் குவியலிலிருந்து கொக்கியையும் ட்ரேயையும் பிய்த்தெடுத்துத்தான் வேலையை முடிக்க வேண்டியிருக்கிறது. பிறகு அதையே அவருடைய தரக்குறைவுக்குச் சான்றாகக் காட்டுவது நியாயமில்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது நல்ல அடி. ஆனால் உற்பத்தியாளர் தானாக முன்வந்து தகவல் தருவதை நம்பியிருக்கும் ஏற்பாடு போதாது என்று நினைக்கிறேன். பிரித்துக் காட்டும் படமும் பாகங்களின் விலைப்பட்டியலும் சட்டப்படி வெளியிடப்பட்டால் வாடிக்கையாளரே கடைக்காரரைச் சரிபார்க்க முடியும். நேர்மையானவருக்கும் அதுவே பாதுகாப்பு.

டிஸ்க் வெளியே வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நாம் நினைப்போம். நல்ல டெக்னீஷியன் உடனே அதை வேறொரு ட்ரைவில் போடச் சம்மதிப்பதில்லை. முதலில் விளக்கின்முன் பிடித்து நடுத்துளையைச் சுற்றிப் பார்க்கிறார். குமிழின் பற்கள் கவ்வும் இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தால், மேசைக் கணினியின் வேகமான ட்ரைவில் 10,000 சுற்றை நெருங்கும்போது டிஸ்க் உள்ளேயே வெடித்துச் சிதறலாம். லேபிள் பிரிந்திருந்தால் அதை உரிக்கவும் விடமாட்டார். சிடியில் லேபிளோடு தகவல் அடுக்கும் பெயர்ந்து வந்துவிடும். மெதுவாகச் சுழலும் வெளி ட்ரைவில் வேகத்தைக் குறைத்து ஒரே ஒருமுறை ஓடவிட்டு, முழு நகலை ஹார்டு டிஸ்க்கில் எடுத்துக்கொடுத்த பிறகே, “இனிமே இதைப் போடாதீங்க சார், காப்பியையே வச்சுக்கங்க” என்று டிஸ்க்கை உறையில் போட்டுக் கையில் தருகிறார்.